கவுண்டரை ஓரிரவு ஏன் கேட்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். டைம் இன்டர்வல் கவுண்டரை (இரண்டு சிக்னல்களுக்கு இடைப்பட்ட நேரத்தை அளக்கும் கருவி) காலையில் கொடுத்தால் மாலையே அளவு திருத்தித் தரக்கூடாதா என்று பலரும் கேட்கிறீர்கள். தரலாம். ஆனால் அந்தச் சான்றிதழில் இருக்கும் எண்களை நாங்களே நம்ப மாட்டோம்.

வெயிலில் வண்டியில் வந்த கருவி எங்கள் 23 டிகிரி அறைக்குப் பழக நேரம் பிடிக்கும். கருவிக்குக் கிளாக் துடிப்பைத் தரும் கிரிஸ்டல், சூடு மாறாமலிருக்க ஒரு குட்டி ஓவனுக்குள் வைத்ததென்றால் இன்னும் மோசம்: பிளக்கைப் பிடுங்கியதுமே ஆறிவிடும். மறுபடி சூடேறி ஒரு நிலைக்கு வர ஓரிரவாவது ஓடவிட வேண்டும்.

சரி, எல்லாப் பழியும் கிரிஸ்டலுக்கா? அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு விலகினால், 1 நொடியை அளக்கும்போது 1 மைக்ரோ நொடி பிழை வரும். 100 நானோ நொடியை அளந்தால் அதே விலகல் வெறும் 0.1 பிக்கோ நொடி (நானோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு பிக்கோ நொடி). 20 பிக்கோ நொடி வரை பிரித்துக் காட்டும் நல்ல கவுண்டரிலும் அது தெரியாது. சின்ன இடைவெளியில் படுத்துவது வேறு. நேரத்தை எண்ணத் தொடங்கவும் நிறுத்தவும் சிக்னல் நுழையும் ஸ்டார்ட், ஸ்டாப் சேனல்கள் இரண்டும் சூட்டுக்கு ஒரே மாதிரி அசைவதில்லை. ஒன்று கூடுதலாகத் தாமதித்தால் அது நேராக ரீடிங்கில் ஏறும். கிளாக் துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கூறுபோடும் இன்டர்போலேட்டரும் அப்படியே. பழைய கருவிகளில் கெப்பாசிட்டர் சார்ஜாகும் வேகம் மாறும், புது சிப்களில் லாஜிக் கேட்டுகளின் தாமதம் மாறும்.

அதற்காக ஏ.சி.யை 18-ல் வைத்து அறையை உறையவிட வேண்டாம். டெஃப்லானை இன்சுலேஷனாக வைத்த கேபிளில் 19 டிகிரியை ஒட்டி அந்தப் பொருளின் உள்ளமைப்பே மாறுகிறது, தாமதமும் கூடவே நகர்கிறது. ஓரிரு மீட்டரில் இது பெரிதில்லை. தாமதத்துக்கென்றே சுருட்டி வைத்த நீளக் கேபிள் என்றால் நன்றாகவே தெரியும். 23-ஓ 25-ஓ, ஆடாமல் இருந்தால் போதும். காற்று கருவியின் மேல் நேராக வீசினால், கம்ப்ரஸர் ஓடி நிற்கும்போதெல்லாம் ரீடிங்கும் ஏறி இறங்கும்.

உங்கள் இடத்திலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரே சிக்னலை ஸ்பிளிட்டரில் பிரித்து, சம நீளக் கேபிள்களில் இரண்டு சேனலுக்கும் கொடுங்கள். பூஜ்யம் வர வேண்டும்; அதற்குப் பதிலாக வரும் எண்தான் சேனல்களின் வித்தியாசம். அதைக் குறித்து, நீங்கள் அளக்கும்போது வரும் ரீடிங்கிலிருந்து கழியுங்கள். அறை குளிர்ந்திருந்த காலையில் எடுத்த எண்ணை மதியத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். அளக்கும் முன்பும் பின்பும் எடுங்கள்.

இனி கருவியோடு நீங்கள் வழக்கமாகப் போடும் கேபிள்களையும் கொடுத்தனுப்புங்கள். உங்கள் அறை வெப்பநிலையை ஒரு சீட்டில் எழுதி வைத்தால், அதே வெப்பநிலையிலும் ஒரு ரீடிங் எடுத்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
சர்வீஸ் பிரிவு