கல்கத்தாக் கல்லறைகளிலிருந்து கானாடுகாத்தான் வளவு வரை: ஒரு நன்றி மடல்

காரைக்குடிச் சுற்றுவட்டாரத்து உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம். கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) நாங்கள் வைத்த படக்காட்சி நல்லபடியாக முடிந்தது. கல்கத்தாவின் பழைய கல்லறைத் தோட்டங்களில் அடங்கிக் கிடக்கும் பெண்களைப் பற்றிச் செட்டிநாட்டில் எதற்குக் காட்சி என்று கேலி பேசியவர்களும் வந்து, நின்று வாசித்துவிட்டுத்தான் போனார்கள். அவர்களுக்கும் சேர்த்தே இந்த மடல்.

நம் பக்கத்துக்குக் கல்கத்தா புது ஊரில்லை. பர்மாத் தொழில் பெரிதாவதற்கு முன்பே நம்மவர்கள் அங்கே கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போயிருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கும் கல்கத்தாக் கடிதங்களில் வட்டி இருக்கிறது, உண்டியல் (பணம் அனுப்பும் சீட்டு) இருக்கிறது, அரிசி விலை இருக்கிறது. அந்த ஊரில் ஒரு பெண் இருந்தாள், இன்னது செய்தாள் என்று ஒரு வரி கிடையாது. அந்த எரிச்சலில் ஆரம்பித்ததுதான் இது. தமிழ்க் கரையோடு ஏதாவது ஒரு தொடர்பு உள்ள பெண்களாகப் பார்த்து எடுத்தோம்.

முதல் நன்றி, கல்கத்தாவில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்த் தம்பிக்கு. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு, செயின்ட் ஜான்ஸ் சர்ச் வளாகத்தில் பேகம் ஜான்சனின் சமாதிக் கல்வெட்டை வரிவரியாகப் படம் பிடித்து அனுப்பினார். பக்கத்திலேயே கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் சமாதி. அது பல்லாவரத்துக் கல் என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. அந்தச் சமாதியை வைத்துத்தான் அந்தக் கல்வகைக்கே 1893-இல் 'சார்னாக்கைட்' என்று பெயர் வைத்தார்கள், தம்பி. இப்போதாவது நம்புங்கள்.

பேகம் ஜான்சன் என்று கல்கத்தா கூப்பிட்ட பிரான்சிஸ், 1725-இல் பிறந்தவர். அப்பா எட்வர்ட் குரோக், கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையின் கவர்னர். 13 வயதில் கல்யாணம். அந்தக் கணவர் இறந்தபின் இன்னொருவர். அவரை மணமான சில நாளிலேயே அம்மை கொண்டுபோனது. மூன்றாமவர் வில்லியம் வாட்ஸ், காசிம்பசாரில் கம்பெனியின் தலைமை அதிகாரி. 1756-இல் வங்காள நவாப் சிராஜ் உத் தௌலா அந்த இடத்தைப் பிடித்தபோது, பிரான்சிஸையும் பிள்ளைகளையும் நவாப் வீட்டுப் பெண்களே வைத்துக் காப்பாற்றி, படகில் பிரெஞ்சுக்காரர்களின் சந்திரநாகூருக்கு அனுப்பினார்கள். நான்காவது கணவரான பாதிரியார் ஜான்சன் 1788-இல் சீமைக்குத் திரும்பினார். இவர் போகவில்லை. கல்கத்தாவிலேயே இருந்து, ஊரையே வீட்டுக்கு வரவழைத்துக் கதை சொல்லி, 1812 பிப்ரவரியில் கண்மூடினார். அதே ஆண்டு ஜூனில் இங்கிலாந்தின் பிரதமராக வந்த லிவர்பூல் பிரபு இவருடைய மகள் வயிற்றுப் பேரன்.

இந்தப் பலகை முன்னால்தான் அதிகக் கூட்டம். வீட்டுக்கார ஆச்சிக்கு வயது எண்பதைத் தாண்டியிருக்கும். கல்வெட்டை என் மகள் தமிழில் வாசித்துக் காட்டியதும் ஆச்சி கேட்டார்: "நாலு புருசன் பேரும் இருக்கு, பெத்த அப்பன் பேரும் இருக்கு. பெத்தவ பேரு எங்கடி?" அதுவரை எங்கள் குழுவில் யாருக்கும் அது தோன்றவில்லை. பெற்றவள் பெயர் இசபெல்லா பெய்சர். இந்தக் கரையில் வாழ்ந்த போர்த்துகீசிய வழிப் பெண். அன்று சாயங்காலமே அட்டையில் எழுதி அந்தப் பலகையின் தலைப்பில் ஒட்டினோம். ஆச்சி, வளவைக் கொடுத்ததற்கு ஒரு நன்றி என்றால் அந்தக் கேள்விக்குப் பத்து நன்றி.

கல்கத்தாக் கவிஞர் தோரு தத்தை எங்களுக்கு மீட்டுத் தந்தவர் தேவகோட்டையில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அக்கா. நம் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் சவுக்கு மரத்தைப் பற்றிய இவரது கவிதை இருக்கிறது. பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். அதை எழுதியவர் 21 வயதில் இறந்துபோனவர் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? பிறப்பு 1856, சீமையிலும் பிரான்சிலும் படிப்பு, 1873-இல் ஊர் திரும்பி, அப்பாவோடு உட்கார்ந்து சமஸ்கிருதம். 1876-இல் பிரெஞ்சுக் கவிதைகளை ஆங்கிலமாக்கிப் பவானிப்பூரில் அச்சிட்டார். 1877 ஆகஸ்ட் 30-இல் சயரோகம் கொண்டுபோயிற்று. சாவித்திரி, பிரகலாதன் கதைகளைப் பாடிய ஆங்கிலக் கவிதைகளும் பிரெஞ்சில் எழுதிய நாவலும் அதன் பிறகுதான் அச்சேறின. மாணிக்தலாக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். அக்கா அந்தக் கவிதையை நம் பிள்ளைகளுக்குப் புரிகிற தமிழில் சொல்லிக் காட்டியபோது, பொதுத்தேர்வு எழுதி முடித்திருந்த ஒரு பையன் "இதை அப்பவே சொல்லியிருந்தா பிடிச்சிருக்குமே டீச்சர்" என்றான்.

ஹென்ரியட்டா பலகைக்குப் படம் வரைந்த அழகப்பா பல்கலைக்கழக மாணவிக்கு நன்றி. வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத் சென்னையில் ஆசிரியராக இருந்தபோது, உடன் வேலை பார்த்தவரின் மகள் ஹென்ரியட்டா. கவிஞரோடு கல்கத்தாவில் வாழ்ந்து, 1873 ஜூன் 26-இல் இறந்தார். மூன்றாம் நாள் மதுசூதனும் போனார். இருவரும் லோயர் சர்குலர் ரோடு கல்லறைத் தோட்டத்தில். இதைச் சிலர் பெரிய காதல் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. 1848-இல் சென்னையில் மதுசூதனை மணந்து, நான்கு பிள்ளைகள் பெற்று, கைவிடப்பட்ட ரெபெக்கா 1892 வரை உயிரோடு இருந்தார். எனவே ரெபெக்காவையும் அதே படத்தில், ஓரத்தில் இல்லாமல், சமமான அளவில் வரையச் சொன்னேன். அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் முழுப் படத்தையும் புதிதாக வரைந்தாள்.

வங்க எழுத்தாளர் ரொக்கையா பேகம் பற்றிய குறிப்புகளை உருதுவிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் திரட்டித் தந்த இளையான்குடிப் பாய்க்கு நன்றி. ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்க, பெண்கள் நாட்டை ஆளும் கதையை ரொக்கையா எழுதினார். 1905-இல் அதை வெளியிட்டது, கமலா சத்தியநாதன் சென்னையில் நடத்திய பெண்கள் பத்திரிகை. 1911-இல் கல்கத்தாவில் எட்டுப் பிள்ளைகளோடு பள்ளி தொடங்கினார். 1932 டிசம்பர் 9-இல் மறைந்தார். கல்லறை நகரத்துக்கு வடக்கே சோதேபூரில். அந்தக் கதையைக் கேட்டதும் கூட்டத்தில் ஒரு ஆச்சி சிரித்துக்கொண்டே, "எங்க அப்பத்தா காலத்துல ஆம்பளைக பூராம் கடலுக்கு அங்கிட்டு. இங்க யாரு ஆண்டாகளாம்?" என்றார்.

முதலில் இடம் தருவதாகச் சொன்ன மண்டபம் ஒன்று, கல்லறைப் படங்கள் என்றதும் மங்கல இடம் என்று கையை விரித்துவிட்டது. அவர்கள் நம்பிக்கை அவர்களுக்கு. அதனால்தான் இந்த வளவு கிடைத்தது என்ற வகையில் அவர்களுக்கும் ஒரு கும்பிடு.

பலகை அச்சடித்துக் கொடுத்து பாதிப் பணம் மட்டும் வாங்கிக்கொண்ட பிளெக்ஸ் கடை அண்ணன், கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் சுடச்சுடப் போட்டுத் தந்த சமையல்காரர்கள், செருப்புக்குக் காவலிருந்த சின்னப் பையன்கள், எல்லாருக்கும் நன்றி. வரவு செலவை நம் வழக்கப்படி ஐந்தொகை போட்டு முகப்பில் ஒட்டியிருக்கிறோம். மீந்த தொகை சிறிதுதான், யாரும் வந்து பார்க்கலாம்.

பலகைகள் இப்போது அதே வீட்டு இரண்டாங்கட்டில் இருக்கின்றன. பள்ளிக்கூடங்கள் கேட்டால் இலவசமாகத் தருவோம். வண்டி மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும், மழை நாளில் வேண்டாம். உங்கள் வீட்டுக் கல்கத்தா, இரங்கூன் கடிதக் கட்டுகளில் ஏதாவது ஒரு பெண்ணின் பெயர் தட்டுப்பட்டால், எவ்வளவு சிறிய குறிப்பானாலும் சொல்லி அனுப்புங்கள். அடுத்த காட்சிக்கு அதுதான் வேண்டும்.

அன்புடன்,
படக்காட்சிக் குழுவினர் சார்பில்,
காரைக்குடி