கொப்பியைக் காட்டச் சொல்லுங்கள்

கொழும்பில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இணையவழியில் இரசாயனவியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

நானும் உங்கள் கூட்டத்தில் ஒருத்தி. வெள்ளவத்தையில், கரையோர ரயில் பாதையைப் பார்த்த மூன்றாம் மாடி அறையொன்றில் இருந்து கற்பிக்கிறேன். ரயில் போகும்போது பாடம் அரை நிமிடம் நிற்கும். அந்த இடைவெளியில் தண்ணீர் குடிக்க என் மாணவர்கள் பழகிவிட்டார்கள். இந்த மடலில் உள்ள குறைகளில் பாதி நானும் செய்தவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

'தனிக்கவனம்' என்ற சொல்லைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் வகுப்பு விளம்பரங்களில் இந்தச் சொல் இல்லாத ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. கடந்த செமஸ்டரில் என்னிடம் வந்த முதலாம் வருட மாணவன் ஒருவன், அதற்கு முன் அப்படியொரு வகுப்பில் நான்கு மாதம் இருந்திருக்கிறான். திரையில் 60 பெயர்கள்; எல்லோருடைய ஒலிவாங்கியும் மூடியிருக்கும்; ஒரு முகமும் தெரியாது. ஆசிரியர் "விளங்குகிறதா?" என்று கேட்பார். "ஓம் சேர்", "ஓம் சேர்" என்று வரிசையாக எழுத்துகள் விழும். தன்னுடைய "ஓம் சேர்" எப்போதும் முதல் ஐந்துக்குள் வந்துவிடும் என்று அவன் சொன்னான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

முதல் நாள் அவனிடம் புரொப்பீனுடன் ஐதரசன் புரோமைட்டு தாக்கம் புரியும் பொறிமுறையை, அதாவது தாக்கம் நடக்கும் படிகளை, எழுதச் சொன்னேன். இரண்டு அடுக்குப் புத்தகங்களுக்குக் குறுக்கே இரண்டு அடிமட்டங்களை வைத்து, அவற்றின் மேல் கைபேசியைக் கவிழ்த்துவிட்டால் போதும். கொப்பியும் பேனையும் கையும் எனக்குத் தெளிவாகத் தெரியும். அவன் மளமளவென்று எழுதினான். விளைவு 2-புரோமோபுரொப்பேன். விடை சரி. ஆனால் முதல் படியில் வளைந்த அம்பு ஐதரசனில் தொடங்கி இரட்டைப் பிணைப்பில் முடிந்திருந்தது. திசை தலைகீழ்.

"ஏன் தம்பி, அம்பு அங்கிருந்து புறப்படுகிறது?"

"ஐதரசன்தானே மிஸ் இலத்திரன்நாடி? நாடுகிறவன்தானே போக வேண்டும்?"

சிரித்துவிட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது, ஏனென்றால் அவனுடைய தமிழில் பிழையில்லை. ஒன்றை நாடுகிறவன்தான் எழுந்து நடக்க வேண்டும். உலக வழக்கம் அதுதான். ஆனால் அந்த அம்பு யார் யாரை நாடுகிறார் என்று காட்டுவதில்லை. ஒரு சோடி இலத்திரன் எங்கிருந்து எங்கே போகிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. "அம்பின் வால் இருக்கும் இடத்தில் இரண்டு இலத்திரன்கள் இருக்க வேண்டும். ஐதரசனில் கொடுப்பதற்கு அப்படி ஏதாவது இருக்கிறதா, பார்" என்றேன். பேனை சிறிது நேரம் ஐதரசனின் மேல் நின்றது. பிறகு அவனாகவே அம்பை வெட்டிவிட்டு இரட்டைப் பிணைப்பிலிருந்து புதிதாக வரைந்தான். எல்லாமாகப் பத்து நிமிடம். நான்கு மாதமாக அவன் வரைந்த ஒவ்வொரு பொறிமுறையிலும் அந்தப் பிழை இருந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை.

உயர்தரத்தைத் தமிழில் படித்துவிட்டு, விஞ்ஞான பீடத்துக்குள் நுழைந்ததும் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கேட்கும் பிள்ளைகள் இவர்கள். விரிவுரையாளர் 'எலெக்ட்ரோஃபைல்' என்கிறார். பிள்ளையின் மனத்தில் 'இலத்திரன்நாடி' ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. நமக்குத் தெரியும், ஆனால் நாம் கேட்பதில்லை. எல்லா இடத்திலும் தமிழ் காலை வாருவதும் இல்லை. 'ஸ்பொன்டேனியஸ்' என்ற சொல்லைக் கேட்டு 'உடனே நடப்பது' என்று எழுதிய ஒரு மாணவியிடம், உயர்தரத்தில் எப்படிப் படித்தாய் என்று கேட்டேன். "சுயமாக நிகழ்வது" என்றாள். அதில் வேகத்தைப் பற்றி ஒன்றும் இல்லையே என்றேன். கப்பென்று பிடித்துக்கொண்டாள். 25 பாகை செல்சியசில், சாதாரண அமுக்கத்தில், வைரம் காரீயமாக (கிராஃபைட்டாக) மாறுவது சுயமாக நிகழக்கூடியதுதான். மூலுக்குச் சுமார் 2.9 கிலோயூல் கிப்ஸ் சக்தி குறைகிறது; சுயமாக நிகழும் என்பதற்கு அதுதான் அடையாளம். ஆனால் வேகம் மிக மிகக் குறைவு. அதற்காகச் செட்டியார் தெரு நகைக்கடைக்காரர்கள் யாரும் கவலைப்படுவதில்லை.

விளம்பரங்களில் சிலர் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூமை இழுக்கிறார்கள். தனியாகக் கற்பிக்கப்பட்ட சராசரி மாணவன் வழமையான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதமானோரை விட மேலே போனான் என்று அவர் 1984இல் எழுதியது உண்மை. அவ்வளவு பெரிய பலன் பின்னால் வந்த ஆய்வுகளில் பொதுவாகக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. எனக்குப் பயன்பட்டது 2011இல் கேர்ட் வான்லேன் என்ற ஆய்வாளர் பல ஆய்வுகளிலிருந்து தொகுத்த கணக்கு. யாருடைய உதவியும் இல்லாமல் படிப்பவர்களோடு ஒப்பிடும்போது, இறுதி விடையை மட்டும் பார்த்துத் திருத்தும் மென்பொருள் தந்த முன்னேற்றம் 0.31 நியம விலகல் (புள்ளிகளின் பரவலை அளக்கும் அலகு). ஒவ்வொரு படியையும் பார்த்துத் திருத்தும் மென்பொருள் தந்தது 0.76. பக்கத்தில் இருந்து கற்பித்த மனிதர் தந்தது 0.79. மனிதருக்கும் படிபடியாகப் பார்க்கும் இயந்திரத்துக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லை. பலன் முகத்திலும் குரலிலும் இல்லை, படியைப் பார்ப்பதில் இருக்கிறது என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். படியைப் பார்க்காத ஆசிரியர், விடையை மட்டும் பார்க்கும் மென்பொருளுக்குச் சமம். அந்த மென்பொருள் நம்மைவிட மலிவு.

காசு வாங்கிக்கொண்டு ஒப்படை எழுதிக் கொடுப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியாக எழுத எனக்குப் பொறுமை இல்லை.

எல்லோரும் ஒருவருக்கு ஒருவராகக் கற்பிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மட்டக்களப்பிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் வந்து விடுதியில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டணம் கட்டுப்படியாகாது. 60 பேர் இருக்கும் வகுப்பால்தான் பலர் படிக்கவே முடிகிறது. நான் கேட்பது இதுதான்: வாரத்துக்கு ஒரு வினா கொடுங்கள். 12 பேருடைய கொப்பிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த வாரம் வேறு 12 பேர். ஐந்து வாரத்தில் எல்லோருடைய கையெழுத்தையும் நீங்கள் ஒரு தடவையாவது பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். ஆக வாரத்துக்கு அரை மணித்தியாலம். அதுவும் முடியாதென்றால் விளம்பரத்திலிருந்து 'தனிக்கவனம்' என்பதை எடுத்துவிட்டு 'விரிவுரை' என்று போடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, நல்ல விரிவுரைக்கும் ஆள் வரும்.

என்னிடம் இரண்டு கொப்பி நிறைய இப்படிப்பட்ட பிழைகள் இருக்கின்றன. எந்தச் சொல்லில் தடுக்கினார்கள், எதைக் கேட்டபோது தாங்களே திருத்தினார்கள் என்று குறித்து வைத்திருக்கிறேன். மாணவர் பெயர்களை நீக்கிவிட்டு, கேட்கிறவர்களுக்குப் பிரதி எடுத்துத் தருகிறேன். தாங்கற் கரைசல் (பஃபர்) பக்கங்கள்தான் என்னிடம் குறைவு. உங்களிடம் இருந்தால் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஓர் இரசாயனவியல் ஆசிரியை