அந்தக் கோயிலுக்குப் பெயர் இருக்கிறது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் மலேசியாவின் மலாக்காவில் நிம்மதியாக ஒரு வாரயிறுதியைக் கழிப்பது எப்படி என்று முழுப் பக்கத்துக்கு ஒரு பயணக் கட்டுரை போட்டிருந்தீர்கள். படங்கள் நன்றாக இருந்தன. செண்டோலுக்கு, அந்தத் தேங்காய்ப்பால் ஐஸ் இனிப்புக்கு, மட்டும் மூன்று படம். நான் எழுத வந்தது நடுவில் இருந்த ஒரே ஒரு வரியைப் பற்றி. நம்மவர்களுக்கென்று தனியாகப் பார்க்க அங்கே பெரிதாக எதுவும் இல்லை, அதனால் சாப்பாட்டுக்கும் கடை கண்ணிக்கும் நிறைய நேரம் கிடைக்கும் என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அதே பக்கத்தின் கீழ் மூலையில் ஒரு கோயில் முகப்பின் படம், அடியில் "பழமையான இந்துக் கோயில் ஒன்று" என்று குறிப்பு. பேருந்து நிறுத்தம் ஒன்று, குப்பைத் தொட்டி ஒன்று என்பதுபோல, கோயில் ஒன்று.

ஐயா, அது பொய்யாத விநாயகர் கோயில். துக்காங் எமாஸ் தெருவில், அதாவது தமிழில் சொன்னால் தட்டார் தெருவில், 1781லிருந்து நிற்கிறது. டச்சுக்காரன் ஆண்ட காலம். நிலம் அவன் கொடுத்தது, கோயில் மலாக்காச் செட்டிகள், அதாவது அங்கேயே குடியேறி உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழ் வணிகர்களின் வம்சம், எழுப்பியது. ராஃபிள்ஸ் துரை நம் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் இறங்குவதற்கு 38 வருடம் முன்பே அங்கே தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827ல் வந்தது, அதைப் படம் போட்டு "கோயில் ஒன்று" என்று எழுதத் துணிவீர்களா? அந்தத் தெருவில் இன்னும் கொஞ்சம் நடந்தால் இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748ல் கட்டிய பள்ளிவாசல், சீனக் கோபுரம் மாதிரி அடுக்கடுக்காக ஒரு மினாராவோடு. அதன் பெயர் கம்போங் கிளிங். கிளிங் என்றால் அந்நாளில் இந்தியர். பெயரிலேயே நாம்தான் இருக்கிறோம். (அந்தச் சொல் பிறகு வசவாகிப்போனது வேறு கதை, அதைத் தொட்டால் இந்தக் கடிதம் முடியாது.)

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. 2018ல் தேக்கா இந்திய மரபுடைமை நிலையத்தில் மலாக்காச் செட்டிகளைப் பற்றிக் கண்காட்சி நடந்ததே, நீங்களும் போயிருப்பீர்கள். கெபாயா என்கிற மலாய் மேலாடை உடுத்தி, வீட்டில் மலாய் பேசி, வாசலில் மாவிலை கட்டி, போகிக்கு முன்னோர்களுக்கு இலை போட்டுப் படைக்கிற ஜனங்கள். பிள்ளை, நாய்க்கர், பத்தர் என்று பெயருக்குப் பின்னால் இன்னும் வைத்திருக்கிறார்கள். காஜா பெராங்கில் அவர்கள் கம்பம், அதாவது கிராமம், இருக்கிறது, ஜோங்கர் தெருவிலிருந்து வாடகைக் காரில் கொஞ்ச தூரம்தான். உங்கள் கட்டுரையாளர் அந்தக் காசை விளக்கு ஜோடித்த, பாட்டு அலறுகிற மூன்று சக்கர வண்டிக்குக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. அந்த வண்டிக்கு ஒரு முழுப் பத்தி.

மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா மலாக்காவில் பிறந்தவர் என்பதைக்கூட எழுதவில்லை. ராஃபிள்சிடம் எழுத்தராக இருந்த அதே அப்துல்லாதான். மலாக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படிப்பது வழிவழியாக வந்த வழக்கம், கணக்கு வழக்குக்கும் பேச்சுக்கும் அது வேண்டியிருந்தது, அதனால் அப்பா என்னையும் படிக்க வைத்தார் என்று அவர் தன் வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். வசதியான பிள்ளைகள் தமிழ் படித்தார்கள், ஐயா! என் பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

1511ல் போர்த்துக்கீசியர் அந்த ஊரைப் பிடித்ததும் பெண்டஹாரா என்கிற முதலமைச்சர் மாதிரியான பதவியைக் கொடுத்தது நினா சட்டு என்கிற தமிழ் வணிகருக்கு. 1514ல் அந்தப் பதவியைப் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்றதும் அவமானம் தாங்காமல் தீயில் இறங்கிவிட்டார். நாம் அவ்வளவு தூரம் போகிற ஆட்கள் இல்லை, ஆசிரியருக்குக் கடிதம் எழுதுகிறோம்.

சரி, அந்த "நிம்மதி"க்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு மலாக்கா போய்விடலாம் என்று வேறு எழுதியிருக்கிறார். நான் மார்சிலிங்வாசி. பன்னிரண்டாம் மாடிச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் மலேசியாவுக்குப் போகிற கடற்பாலத்தை நோக்கி நிற்கிற வண்டிகளின் வால் தெரியும். அது வெள்ளி மாலையில் எப்படி இருக்கும் என்பதைக் கட்டுரையில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நான் இல்லை. ஜூன் பள்ளி விடுமுறையில் நானும் மனைவியும் என் அம்மாவும் போனோம். பேருந்து ஏற நகரத்துக்குப் போய், ஒரு மணி நேரம் கழித்து அதே பேருந்தில் என் வீட்டு வாசல் வழியாகவே திரும்பி வந்து, சோதனைச் சாவடியில் நின்றோம். நின்றோம் என்றால் நின்றோம். அம்மாவுக்கு 78 வயது, முட்டி வலி, கழிப்பறை போய் வரக் கொஞ்சம் நேரமானது, வெளியே வந்து பார்த்தால் பேருந்து கிளம்பிப் போயிருந்தது. அதே நிறுவனத்தின் அடுத்த வண்டியில் இடம் கேட்டுக் கெஞ்சி ஏறி, மலாக்கா போய்ச் சேர்ந்தபோது இரவு இரண்டரை. பாலம் ஒரு கிலோமீட்டர், ஊர் ஏறக்குறைய 240 கிலோமீட்டர், இதில் எதைக் கடக்க அதிக நேரமானது என்று கேட்காதீர்கள். இரவுச் சாப்பாடு விடுதி அறையில் பிஸ்கட்.

இதைச் சொல்ல உங்கள் பத்திரிகைக்கு என்ன தயக்கம் என்று எனக்குப் புரிவதில்லை. கொரியாவில் செர்ரிப் பூ பார்க்க எந்த ரயில் நிலையத்தில் எந்த வாசல் வழியாக ஏற வேண்டும் என்று எழுதுகிறீர்கள், போன மாதம்கூட ஜப்பானில் வெந்நீர் ஊற்றில் எப்படி உட்கார வேண்டும் என்று படித்தேன் (நான் எங்கே போய் உட்காரப் போகிறேன்). பக்கத்து ஊருக்கு மட்டும் ஏதோ விடுதிக்காரர் கொடுத்த காகிதத்தைத் தமிழ்ப்படுத்தினால் போதும். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்தால் நமது வேர்கள், நமது தடங்கள் என்று சிறப்பிதழ் வருகிறது. மே மாதம் பிறந்ததும் வேரும் இல்லை, தடமும் இல்லை, "நம்மவர்களுக்கென்று எதுவும் இல்லை."

இரண்டு வருடம் முன்பு ஓர் அறிவிப்புப் பலகையில் தமிழ் எழுத்துகள் உடைந்து, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகக் கிடந்ததைப் பற்றி உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நினைவிருக்கலாம். அதில் குறை சொன்ன வரிகளை எல்லாம் வெட்டிவிட்டு, உங்கள் இதழ் சிறப்பாக வருகிறது என்ற முதல் வரியை மட்டும் பெயரோடு போட்டீர்கள். நண்பர்கள் இன்னும் கேலி செய்கிறார்கள். அதனால்தான் இந்த முறை படங்களைத் தவிர எதையும் பாராட்டவில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். அவர் பிறந்தது அலோர் காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். கல்யாணமாகித்தான் சிங்கப்பூர் வந்தார். மாசி மகத்துக்குப் பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து சன்னாசிமலைக் கோயிலுக்கு ரதம் கிளம்பும்போது, தோட்டத்து லாரியில் நின்றுகொண்டே போய்ப் பார்த்ததை என் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை காலை எழவே நேரமாகி, நாங்கள் கோயிலுக்குப் போனபோது உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தியிருந்தது. அம்மா எதிரே கடைகளின் முன்னால் இருந்த ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். வாங்கம்மா, சாயங்காலம் வரலாம் என்றால் எழுந்திருக்கவில்லை. வெள்ளைக்காரப் பயணிகள் ஒரு கூட்டம் வந்து படம் எடுத்துக்கொண்டு போனது, அவர்களுடைய வழிகாட்டி, ஒரு சீனப் பையன், கோயில் பெயரை "பொய்யாத" என்று தெளிவாகவே சொன்னான். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் சாயங்காலம் போய் நின்று சாமி கும்பிட்டோம். ஒன்றும் பேசவில்லை, வெளியே வந்து, "அப்பல்லாம் இத விடப் பெருசா இருந்துச்சுப்பா" என்றார், அவ்வளவுதான். வெல்லம் போட்ட செண்டோல் வாங்கிக் கொடுத்தேன், சர்க்கரை வியாதி என்பதால் நான்கு கரண்டி.

உங்கள் கட்டுரை வந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தை முதலில் பார்த்தவரும் அம்மாதான். நானே படித்துக் காட்டினேன். நம்மவர்களுக்கு எதுவும் இல்லை என்ற வரி வந்ததும் தாண்டிப் படித்துவிட்டேன், அவர் விடவில்லை, கோயில் பேர் போட்டிருக்கானா பாரு என்றார்.

ஆகவே என் கோரிக்கை இரண்டே. வருகிற ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள்: படத்தில் இருப்பது மலாக்கா அருள்மிகு பொய்யாத விநாயகர் கோயில். கூடவே, மத்தியானம் நடை சாத்தியிருக்கும், காலையிலோ மாலையிலோ போங்கள் என்று ஒரு வரி. இரண்டும் சேர்ந்து செண்டோல் படத்தில் பாதி இடம்கூடப் பிடிக்காது. இந்தக் கடிதத்தில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், கோயில் பெயரை மட்டும் எழுத்துப்பிழை இல்லாமல் போட்டால் போதும். அம்மா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறார், திருத்தத்தையும் அதன் அடியில் ஒட்டிக்கொள்வார்.

இப்படிக்கு,
மார்சிலிங்கிலிருந்து ஒரு பழைய சந்தாதாரர்

பி.கு.: காரிலும் போகலாம் என்று கட்டுரையாளர் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார். இந்தப் பக்கம் முக்கால் டேங்க் எண்ணெய் இல்லையென்றால் தண்டம், அந்தப் பக்கம் விஇபி என்கிற வாகன நுழைவு அனுமதி இல்லையென்றால் 300 ரிங்கிட். அதை நம்பிக் கிளம்பிய வாசகர் யாராவது இருந்தால், அவருடைய கடிதமும் உங்களுக்கு வரும்.