மோட்டார் இருக்கட்டும், ஃபீட் பெட்டியை மாற்றுங்கள்: பொது வசதி மையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். மையத்தின் மில்லில் வாடகைக்குக் குழாய் உருட்டும் பட்டறைக்காரர்கள் எழுதுகிறோம். பில்ஜர் மில்லை, அதாவது பள்ளம் வெட்டிய இரண்டு டைகள் முன்னும் பின்னும் ஓடிக் குழாயை உருட்டி ஒடுக்கும் இயந்திரத்தை, புதுப்பிக்கும் டெண்டர் அறிவிப்பை மையத்தின் பலகையில் பார்த்தோம். நிமிடத்துக்கு 90 ஸ்ட்ரோக் (ஒரு முன்பின் ஓட்டம் ஒரு ஸ்ட்ரோக்) ஓடும் மில் இனி 120 ஓட வேண்டுமாம். அதற்குப் பெரிய மோட்டார், ஒரு தொடுதிரை, மேலே புது வர்ணம். ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் குழாயைக் கொஞ்சம் முன்தள்ளி (ஃபீட்), கொஞ்சம் திருப்பியும் விடும் ஃபீட் பெட்டியைப் பற்றி ஒரே ஒரு வரி: 'தேவைப்பட்டால் சர்வீஸ்.' மூன்று வருடமாக நாங்கள் எழுதிக் கொடுத்த புகார்களைப் பிரித்துப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. அத்தனையும் அந்தப் பெட்டியைப் பற்றியவை. மோட்டார் மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கடைசியாகத் திரும்பி வந்த லோடையே எடுத்துக்கொள்வோம். 304 ஸ்டெயின்லெஸ். தாய்க்குழாயின் வெளிவிட்டம் 25.4 மி.மீ., சுவர் 1.65. வேண்டியது 12.7 வெளிவிட்டம், 0.7 சுவர், ஒரே பாஸில். குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 79 சதவீதம் குறைகிறது, குழாய் 4.66 மடங்கு நீள்கிறது. பில்ஜருக்கு இது பெரிய பாரமில்லை. விட்டம் பாதியாகும்போது சுவர் அதைவிடக் கூடுதலாகக் குறைவதால் உட்பரப்பு வழவழப்பாகவே வந்திருக்க வேண்டும். வந்தது என்ன? டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே வரிசையாக வளையம் வளையமாக மேடு. சுவர் ஒரு பக்கம் 0.62, எதிர்ப்பக்கம் 0.79. வாங்குபவர் கேட்டது 10 சதவீதம் கூடக்குறைய, அதாவது 0.63 முதல் 0.77 வரை. மொத்த லோடும் பழைய இரும்பு விலைக்குப் போனது.

காரணம் மர்மமானதல்ல. 4 மி.மீ. ஃபீட் வைத்தால் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் 18.6 மி.மீ. முடிந்த குழாய் வெளியே வரும். குழாயின் கடைசி அளவைச் சரிசெய்யும் சைஸிங் பகுதி நம் டையில் 70 மி.மீ. ஆக, குழாயின் ஒவ்வொரு இடமும் அந்தப் பகுதிக்குள் நாலு தடவைக்குச் சற்றுக் குறைவாக உருண்டு, மேடு பள்ளம் தேய்ந்து சமமாகும். குழாயைத் தள்ளும் தேய்ந்த கேமும் ஆடும் பல்சக்கரமும் ஒரு ஸ்ட்ரோக்குக்கு 2 மி.மீ. தள்ளிவிட்டு, விட்டதை அடுத்த ஸ்ட்ரோக்கில் சேர்த்து 6 மி.மீ. தள்ளினால்? சராசரி 4 என்று மீட்டர் காட்டும். 6 மி.மீ. தள்ளிய துண்டு 28 மி.மீ. நீளத்துக்கு வந்து இரண்டரை தடவை உருண்டதோடு வெளியே போய்விடும். அந்த அரைகுறைதான் வளையம்.

திருப்பும் கதையும் இதே. திருப்பு கோணத்தை 60-க்கு வைக்காமல் 57 டிகிரிக்கு வைப்பதற்குக் காரணம் உண்டு. 60 என்றால் ஆறு ஸ்ட்ரோக்கில் பழைய இடமே திரும்ப வரும். டைப் பள்ளத்தின் இரு ஓரங்களில் விடும் இடைவெளியில் ஒதுங்கிய உலோகம் அடுத்த திருப்பில் பள்ளத்தின் அடிக்கு வந்து அமுங்க வேண்டும். குழாயைத் திருப்பும் மால்டீஸ் கிராஸ் சக்கரத்தின் காடி தேய்ந்து கோணம் ஒரு முறை 57, ஒரு முறை 40 என்று நின்றால் சுவர் எப்படிச் சமமாக வரும்? பித்தளைத் தகடு சொருகி ஓட்டுகிறார்கள். இரண்டு ஷிஃப்ட் தாங்குகிறது. தடித்த குழாய் இந்தக் கூத்தையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். 0.7 சுவர் பொறுக்காது.

இனி உங்கள் 120 ஸ்ட்ரோக்குக்கு வருவோம். டை குழாயை விட்டுவிடும் இடைவெளிக்குள்தான் ஃபீடும் திருப்பும் முடிய வேண்டும். கிராங்கின் சுற்றில் அந்த இடைவெளி 60 டிகிரி என்று கொண்டால், 90 ஸ்ட்ரோக்கில் கிடைப்பது 0.11 விநாடி. 120-இல் 0.083. இருக்கிற நேரத்திலேயே வேலையை முடிக்கத் திணறும் பெட்டிக்கு நேரத்தைக் குறைக்கிறீர்கள். திருப்பு முடியுமுன் டை கவ்வினால் குழாய் முறுக்கும், மேலே கீறல் விழும், ஒருநாள் குழாயின் உள்ளே நின்று உட்புறத்துக்கு வடிவம் கொடுக்கும் மேண்ட்ரலின் தண்டு முறியும். போதாதற்கு, வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் டைகளைச் சுமக்கும் சாடிலின் முன்பின் ஓட்டத்தில் வரும் விசை 78 சதவீதம் கூடும். எதிர் எடை இல்லாத பழைய மில் இது. வரவேற்பறைக்கு ஆத்தங்குடிக் கல் பதித்து மெருகேற்றியாகிவிட்டது. மில்லின் அடித்தள போல்ட் நான்கு இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. கல் அழகாகத்தான் இருக்கிறது, குறை சொல்லவில்லை.

பில்ஜர் என்ற ஜெர்மன் சொல்லுக்கு யாத்ரீகர் என்று பொருள். முன்னே சில அடி, பின்னே சில அடி என்று நகரும் ஐரோப்பிய யாத்திரை ஒன்றை வைத்து இந்த மில்லுக்குப் பெயர் வந்தது என்பார்கள். காவடி தூக்கிப் பழனிக்கு நடக்கும் நம்மூர் நகரத்தாருக்கு அந்த நடை புதிதாக இருக்கலாம். எங்கள் புகார்க் கோப்புக்குப் பழகிய நடைதான். ஒரே வித்தியாசம், மில் பின்னால் வரும்போதும் குழாயை உருட்டிக்கொண்டே வருகிறது.

கேட்டிருந்தால் சொல்ல ஆள் இல்லாத ஊரா இது? 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்து வந்த மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இங்கே காரைக்குடியில் இருக்கிறது. பொறியியல் கல்லூரி அதற்கும் ஒரு வருடம் மூத்தது. டெண்டர் எழுதுமுன் அங்கிருந்து ஒருவரை ஒரு மணி நேரம் மில் பக்கத்தில் நிற்க வைத்திருக்கலாம். டைப் பள்ளத்தை இன்னும் கையால் டெம்ப்ளேட் வைத்து அரைப்பதையும், உள்ளே எண்ணெய் சரியாகக் கழுவாமல் 1040 டிகிரிக்கு மேல் சூடாக்கி மென்மையாக்கும் அனீலிங்குக்கு ஏற்றி, குழாயின் உட்புறம் கார்பனை உறிஞ்ச விடுவதையும் அவரே பார்த்திருப்பார். அதையெல்லாம் இன்னொரு நாள் எழுதுகிறோம்.

இப்போது பணிவோடு கேட்பது ஒன்றுதான். ஃபீட் பெட்டியை மாற்றுங்கள். கேம், மால்டீஸ் கிராஸ் இரண்டையும் கழற்றிவிட்டு, பால் ஸ்க்ரூவோடு ஃபீடுக்கு ஒரு சர்வோ (சொன்ன அளவு மட்டும் நகர்ந்து நிற்கும் மோட்டார்), திருப்புக்குத் தனி சர்வோ. மேண்ட்ரல் தண்டும் குழாயோடு சேர்ந்து அதே கோணம் திரும்ப வேண்டும். கிராங்க் ஷாஃப்டில் அதன் கோணத்தை அளக்கும் என்கோடர். சர்வோ சொன்ன இடத்துக்கு நேரத்துக்குள் வராவிட்டால் மில் தானே நிற்க வேண்டும். 4 மி.மீ. ஃபீடை ஸ்ட்ரோக்கின் முன் முனையில் 2, பின் முனையில் 2 என்று பிரித்தால் மெல்லிய குழாய்க்கு இன்னும் நல்லது. ஆனால் டைப் பள்ளத்தின் இரு முனையும் அதற்கேற்றபடி திறந்து அரைக்கப்பட வேண்டும். இதை ஸ்பெக்கில் எழுத மறந்தால் சர்வோவுக்குக் கொடுத்த காசும் தண்டம். வேகம் 90-இலேயே இருக்கட்டும். ஐந்தொகை போட்டுப் பாருங்கள்: 120-இல் ஓட்டிக் கழிப்பதைவிட 90-இல் ஓட்டி விற்பதில்தான் மையத்துக்கும் வாடகை நிற்கும்.

ஒப்படைக்கும் நாளில் வெறும் ஓட்டம் காட்டி மாலை போட வேண்டாம். தொடர்ந்து 100 ஸ்ட்ரோக்கின் ஃபீடை டயல் கேஜில் அளக்கட்டும், வித்தியாசம் 0.2 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். பிறகு 12.7க்கு 0.7 குழாய் ஒன்றை உருட்டி, இரு முனையிலும் நடுவில் அறுத்த இடத்திலும் சுற்றி எட்டுப் புள்ளியில் பால் மைக்ரோமீட்டரால் சுவரை அளக்கட்டும். இந்த இரண்டு சோதனையும் டெண்டரில் எழுத்தாக இருக்க வேண்டும்.

டெண்டர் பெட்டி திறக்குமுன் ஒரு பக்கத் திருத்த அறிவிப்பு போதும். அந்தப் பக்கத்தை நாங்களே எழுதி இத்துடன் வைத்திருக்கிறோம். கையெழுத்து மட்டும் உங்களுடையது. தயவுசெய்து ஃபீட் பெட்டியை மாற்றுங்கள்.

இப்படிக்கு,
மையத்தில் குழாய் உருட்டும் பட்டறைக்காரர்கள்,
காரைக்குடி வட்டாரம்