சண்முகத்துக்கு, டென்வரிலிருந்து

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்தது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. மதினி சொல்வதைக் கேட்டு மாடிப்படி பக்கம் போகாமல் இரு. இங்கே பனி விட்டுவிட்டது. பேத்தி நடக்கப் பழகிவிட்டாள், கதவைத் திறந்தால் தெருவுக்கு ஓடுகிறாள்.

"அங்கே அமெரிக்காவில் ஆளுக்கொரு துப்பாக்கி இருக்கிறதே, ஒருத்தன் சுட ஆரம்பித்தால் சுற்றி நிற்பவன் திருப்பிச் சுட மாட்டானா?" என்று கேட்டிருந்தாய். போன வருஷம் கேட்டிருந்தால் ஏதாவது விளையாட்டாக எழுதியிருப்பேன். இப்போது முடியவில்லை. கார்த்தி லைசென்ஸ் வாங்கிவிட்டான். எட்டு மணி நேர வகுப்பு, சுடவும் வைத்துப் பார்த்தார்களாம். பால் வாங்கப் போனாலும் சட்டைக்கு அடியில் இடுப்பில் அது இருக்கிறது. கேட்டால், "நாலு பேர் சாகும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்கிறீர்களாப்பா?" என்கிறான். இதற்கு என்ன சொல்வது, நீயே சொல்.

நம் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் ஆர்வாடா என்று ஒரு ஊர். அதன் பழைய கடைவீதிக்குப் போன வாரம் கார்த்தியோடு போயிருந்தேன். செங்கல் கட்டடங்கள், ஒரு சதுக்கம், பக்கத்தில் நூலகம், சாப்பாட்டுக் கடைகள். 2021 ஜூன் 21, பட்டப்பகலில், போலீஸ்காரர்கள்மேல் வெறுப்பு கொண்ட ஒருவன் அங்கே ஒரு போலீஸ் அதிகாரியைச் சுட்டுக் கொன்றான். பிறகு தன் வண்டிக்குப் போய் ரைபிளை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். பக்கத்துக் கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்த 40 வயதுக்காரர் ஒருவர் வெளியே ஓடி வந்து, தன் கைத்துப்பாக்கியால் அவனைச் சுட்டு வீழ்த்தினார். கார்த்தி சொல்கிற கதை இதுவரைக்கும் அப்படியே நடந்தது. அப்புறம் அந்த மனிதர் கீழே கிடந்தவனின் ரைபிளைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து வந்த போலீஸ்காரர் கண்ணில் பட்டது, ரைபிளோடு நிற்கும் ஓர் ஆள். சுட்டுவிட்டார். ஊரைக் காப்பாற்றியவர் செத்துப்போனார்.

போலீஸ்காரர் மேல் வழக்குப் போட முடியாது என்று அரசு வழக்கறிஞர் சொல்லிவிட்டார். அவர் இடத்தில் இருந்து பார்த்தால் வேறு எப்படித் தெரிந்திருக்கும் என்பது வாதம். 2023இல் செத்துப்போனவரின் அம்மாவுக்கு நகராட்சி 28 லட்சம் டாலர் கொடுத்தது. அந்த அம்மாவை நினைத்துக்கொண்டே சதுக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். கார்த்தி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இது ஒன்றுதான் என்று நினைக்காதே. 2018 நவம்பரில் அலபாமாவில் ஹூவர் என்ற ஊரில், ஒரு மாலில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுத் தன் துப்பாக்கியை எடுத்தான் 21 வயதுக் கறுப்பினப் பையன். போலீஸ் அவனைச் சுட்டுக் கொன்றுவிட்டு, சுட்டவனே அவன்தான் என்று முதலில் அறிவித்தது. பிறகு இல்லை என்றார்கள். நம் பிள்ளையின் நிறமும் எனக்கு ஞாபகம் வராமல் இல்லை.

எதிரி எத்தனை பேர் என்பதும் தெரியாது. 2014இல் லாஸ் வேகஸ் வால்மார்ட்டில், துப்பாக்கியோடு நுழைந்தவனைத் தடுக்கப் போனார் ஒருவர். அவனுடைய மனைவியும் கூட வந்திருந்தாள். தள்ளுவண்டி தள்ளுகிற இன்னொரு பெண் என்று இவர் நினைத்திருப்பார் போல. பின்னாலிருந்து சுட்டுவிட்டாள்.

அதே போல, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் சுடப்பட்டாரே, 2011இல், டூசானில். அங்கே ஓர் இளைஞன் தன் துப்பாக்கியின் சேஃப்டி பூட்டை விலக்கிவிட்டு ஓடி வந்தான். எதிரே ஒருவர் கையில் துப்பாக்கி. கொலைகாரனிடமிருந்து அதைப் பிடுங்கியவர் அவர்! நல்லவேளை, இவன் சுடவில்லை. கொலைகாரனை மடக்கியதோ வெறுங்கையோடு இருந்த கூட்டம்தான். எஃப்.பி.ஐ. 2000 முதல் 2013 வரை நடந்த இப்படிப்பட்ட 160 துப்பாக்கிச்சூட்டுச் சம்பவங்களை எடுத்துப் பார்த்ததில், நிராயுதபாணிகள் மடக்கி முடித்தவை 21. போலீஸ் அல்லாதவர்கள் திருப்பிச் சுட்டதில் முடிந்தவை 5.

கார்த்தியிடம் இதைச் சொன்னேன். அவன் உடனே கிரீன்வுட்டைச் சொன்னான். 2022இல் இண்டியானாவில், ஒரு மாலில் கொலைகாரன் சுட ஆரம்பித்த 15 வினாடிக்குள் 22 வயதுப் பையன் ஒருவன் அவனை வீழ்த்தினான். பத்துக் குண்டு, எட்டு பட்டது. அதற்குள் மூன்று பேர் போய்விட்டார்கள், ஆனால் இன்னும் எத்தனை பேர் போயிருப்பார்களோ. உண்மைதான், மறுக்கவில்லை. "அந்தப் பையன் நீ இல்லையேடா" என்றேன். முகம் சுண்டிவிட்டது. இரண்டு நாள் பேசவில்லை.

உன் அப்பாவின் ஒற்றைக் குழல் துப்பாக்கி நினைவிருக்கிறதா? பன்றி விரட்ட வைத்திருந்தாரே. தேர்தல் வந்தால் சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, ஸ்டேஷனில் ஒப்படைக்கக் கொண்டு போவார். நாம் பின்னாலேயே ஓடுவோம். ஏட்டையா வாசலில் நின்று "வாங்க அண்ணாச்சி" என்பார். துப்பாக்கியையும் ஆளையும் ஊருக்கே தெரியும். இங்கே கார்த்தியை எந்த ஏட்டுக்குத் தெரியும்?

ராத்திரி அவன் குண்டில்லாத துப்பாக்கியை வைத்துக்கொண்டு, குளியலறைக் கண்ணாடி முன்னால் எடுத்து எடுத்துப் பழகுகிறான். கதவிடுக்கில் பார்த்தேன். உருவுவது நன்றாக வந்துவிட்டது. சுட்டதும் உறையில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்கி நிற்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்களாம். அதை அவன் பழகி நான் இன்னும் பார்க்கவில்லை. நாளைக்குக் கேட்க வேண்டும்.

உன் அப்பாவின் அந்தத் துப்பாக்கியை என்ன செய்தாய்? லைசென்ஸ் புதுப்பித்தாயா, ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டாயா? எழுது.

அன்புடன்,
பரமசிவன்