உதிரி சிகரெட்டும் உதவி எண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இருபத்திரண்டு வருடம் புகைத்துவிட்டு, போன ஆடியில் நிறுத்தினேன். முதல் மூன்று நாள்தான் பெரும்பாடு. தூக்கம் வராது, எல்லார் மீதும் எரிந்து விழுவேன். ஆசை வரும்போது ஐந்து நிமிடம் தள்ளிப்போட்டால் அடங்கிவிடுகிறது என்பதை அப்புறம்தான் கண்டுகொண்டேன். வாயில் ஒரு கிராம்பு, கையில் தண்ணீர் பாட்டில். இதைவிடப் பெரிய உதவி, வழக்கமான டீக்கடையை மாற்றியதுதான். டீயும் சிகரெட்டும் எனக்கு ஒரே பழக்கம். (பழைய கடைக்கார அண்ணனுக்கு இன்னும் வருத்தம்.)

2018 முதல் சிகரெட், பீடிக் கட்டுகளில் 1800-11-2356 என்ற இலவச உதவி எண்ணை அச்சிடுகிறார்கள். எனக்கு அது தெரியவே தெரியாது. நான் பாக்கெட்டாக வாங்கியதே இல்லை. ஒன்று, இரண்டு என்று உதிரியாகத்தான். என்னைப் போலப் பலர் இருக்கிறார்கள். எச்சரிக்கைப் படமும் எண்ணும் கடைக்காரர் கண்ணில்தான் படுகின்றன. அந்த எண்ணை டீக்கடைச் சுவர்களிலும் பேருந்து நிலையங்களிலும் பெரிதாக எழுதி வைத்தால் என்ன? உதிரி விற்பனையை நிறுத்துவது அப்புறம் இருக்கட்டும்.

- ஒரு வாசகர், திண்டுக்கல்