அன்றைக்கு மட்டும் பூங்காவுக்குப் போகாதே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். உன் முதுகுவலி தேவலையா? விமான டிக்கெட் வந்துவிட்டது, அக்டோபர் கடைசியில் அட்லாண்டாவில் இருப்போம். பெரியவனுக்குக் கைமுறுக்கு, குட்டிக்குப் பொருளங்காய் உருண்டை என்று அம்மா இப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள்.

நீ அனுப்பிய டிஸ்னி வேர்ல்டு அட்டவணையை இரண்டு தரம் படித்தேன். போனில் சொன்னால் "சரிப்பா, பாத்துக்கலாம்" என்று நீ முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். மற்ற நாட்களைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்ல இல்லை. நவம்பர் 18, உங்கள் பத்தாவது கல்யாண நாள், அது ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. காலை எட்டு மணிக்கு மேஜிக் கிங்டம் பூங்கா வாசல், சாயங்காலம் நாலரை வரை சவாரிகள், அங்கேயே கழிவறையில் உடை மாற்றம், ஐந்தரைக்கு விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸில் விருந்து, எட்டு மணி வாணவேடிக்கைக்கு மறுபடியும் பூங்கா என்று போட்டிருக்கிறாய். இதை மாற்று. 31 வருஷம் ஓட்டலில் விருந்தாளிகளின் மேசைப் பக்கத்தில் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில் அந்த இடம் எப்படிப்பட்டது என்று பார். அது இருக்கும் கிராண்ட் ஃப்ளோரிடியன் டிஸ்னியின் ஓட்டல், 1988-ல் திறந்தது, அந்த உணவகமும் அதே வருஷம்தான். விக்டோரியா ராணி, அவர் கணவர் ஆல்பர்ட் இருவர் பெயரையும் வைத்தார்கள். ஆரம்ப வருஷங்களில் பரிமாற வரும் பெண் தன்னை விக்டோரியா என்றும் ஆண் ஆல்பர்ட் என்றும் சொல்லிக்கொள்வார்களாம். 2000-லிருந்து ட்ரிபிள் ஏ என்ற அமெரிக்க வாகன ஓட்டிகள் அமைப்பு உணவகங்களுக்குக் கொடுக்கும் ஐந்து வைர மதிப்பு, 2024-ல் உணவகங்களுக்குப் பெரிய கௌரவமான மிஷலின் நட்சத்திரம். தீம் பார்க் பக்கத்தில் இருக்கிறதே, பசிக்கு ஏதாவது சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று போகிற இடம் இல்லை அது. ஒன்றன்பின் ஒன்றாகச் சின்னச் சின்னத் தட்டுகள் வரும். இரண்டரை மணி நேரம், மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். ஐந்தரைக்கு உட்கார்ந்தவர்கள் எட்டு மணிக்குப் பூங்காவில் வாணவேடிக்கை நடக்கும் கோட்டைக்கு முன்னால் நிற்க முடியாது, பாப்பா. நின்றால் கடைசித் தட்டுகளை விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கடிகாரம் பார்க்கிற விருந்தாளியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரயிலுக்குப் போகிறவர், சினிமாவுக்குப் போகிறவர். கே.ஓ.டி., அதாவது ஆர்டர் சீட்டு, சமையலறைக்குள் போன பிறகு, ஒரு தட்டை முடித்துவிட்டு விருந்தாளி சாய்ந்து உட்காரும் வரை நான் காத்திருப்பேன். அப்புறம்தான் அடுத்த தட்டை எடுக்கலாம் என்று உள்ளே பிக்-அப் சொல்வேன். அந்த இடைவெளியும் விருந்தில் சேர்த்திதான். பேச்சு அங்கேதான் நடக்கும். மணி பார்க்கிறவர்களுக்கு அந்த இடைவெளியைக் கொடுக்க முடியாது. தட்டு மேல் தட்டாக வைத்துக்கொண்டே போக வேண்டியதுதான். அவர்கள் போன பிறகு என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

2019 உனக்கு நினைவிருக்கும். பகல் முழுக்கப் பூங்காவில் நடந்துவிட்டு ராத்திரி ஒரு நல்ல உணவகத்துக்குப் போனோம். உணவகத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை, அவ்வளவு அருமையாகப் பார்த்துக்கொண்டார்கள். நாம் போன நிலைதான் சரியில்லை. அம்மாவுக்குக் கால் வீங்கி, மேசைக்கடியில் செருப்பைக் கழற்றி வைத்திருந்தாள். பெரியவன் அப்போது இரண்டு வயசு, மாப்பிள்ளை அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்துகொண்டே இருந்தார். அம்மாவுக்குக் காளான் ரிசோட்டோ வந்தது. நான் பார்த்தவரையில் அரிசி கச்சிதமான பதத்தில் இருந்தது. இரண்டு ஸ்பூன் எடுத்தாள், அப்படியே கண்ணை மூடிவிட்டாள். பரிமாறிய அந்தப் பையன் நிறைந்த தட்டைத் தூக்கிக்கொண்டு போனதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பி வருகிற தட்டைச் சமையல்காரர் என்ன பார்வை பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். நீ எங்களுக்காகக் காசைப் பார்க்காமல் செய்தாய். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லாமல் படுத்துக்கொண்டாய். அது என் மனசில் இன்னும் இருக்கிறது.

சோர்வு காலோடு நிற்பதில்லை. நாக்குக்கும் காதுக்கும் வருகிறது. நாள் முழுக்க வெயில், கூட்டத்தின் இரைச்சல், எல்லாப் பக்கமும் பாட்டு. அதன் நடுவே உப்பு பாப்கார்ன், அன்னாசி ஐஸ்கிரீம், வறுத்த வான்கோழிக்கால். இத்தனைக்கும் பிறகு ஒரு துளி சாஸை வைத்து "இதில் என்ன தெரிகிறது?" என்று கேட்டால் நாக்கு என்ன சொல்லும்? நல்ல விருந்துக்குப் பசி வேண்டும், அதுவும் அவசரமில்லாத பசி. பசி வந்து அடங்கி, தலைவலியாக மாறியபின் உட்காருவதில் பிரயோஜனம் இல்லை.

அதனால் என் யோசனை இது. 18-ஆம் தேதியைப் பூங்கா இல்லாத நாளாக வை. டிக்கெட் வீணாகிவிடுமே என்பாய். நீங்கள் எடுக்கப்போவது நாலு நாள் டிக்கெட். அதைத் தொடங்கின நாளிலிருந்து ஏழு நாளுக்குள் எந்த நாலு நாளிலும் பயன்படுத்தலாம் என்று உன் அட்டவணையின் கீழேயே எழுதியிருக்கிறாய். நடுவில் ஒரு நாள் ஓய்வு எடுத்தால் ஒரு டாலர்கூட நஷ்டமில்லை. கிஸ்ஸிம்மி வாடகை வீட்டில் நீச்சல்குளம் இருக்கிறது என்றாயே, காலையில் பிள்ளைகளோடு அதில் கிடங்கள். பதினொன்றரைக்கு அம்மா கையால் தயிர்சாதம், கொஞ்சமாக. அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும். மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கு. எழுந்து குளித்துவிட்டு நிதானமாக உடுத்திக்கொள்.

ஒருவேளை மாப்பிள்ளைக்கு அன்றும் ஒரு வேளை பூங்கா வேண்டும் என்றால், மேஜிக் கிங்டம் நாட்காட்டியைப் பார். நவம்பரிலிருந்து சில ராத்திரிகளில் தனி டிக்கெட் போட்டுக் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் நடத்துகிறார்கள். அந்த நாட்களில் சாதாரண டிக்கெட்காரர்களுக்கு ஆறு மணியோடு பூங்கா முடிந்துவிடும். 18 அப்படிப்பட்ட நாளாக இருந்தால் நீ போட்ட எட்டு மணி வாணவேடிக்கைக்கு உள்ளேயே விட மாட்டார்கள். ஆனால் காலையில் மட்டும் போகிறவர்களுக்கு அது தோதான நாள், ராத்திரியை இழந்தோம் என்ற எண்ணமே வராது. ஒரு மணிக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

பூங்காவிலிருந்து நேரே அந்த ஓட்டலுக்குப் போகும் எண்ணம் எந்த நாளில் வந்தாலும் மோனோரயிலில் ஏறாதே. மேஜிக் கிங்டத்தில் ஏறினால் முதலில் கன்டெம்பரரி ஓட்டல், அப்புறம் டிக்கெட் நிலையம், அப்புறம் பாலினீசியன் ஓட்டல், கடைசியில்தான் கிராண்ட் ஃப்ளோரிடியன். திரும்பிப் போகும்போது ஒரே நிறுத்தம், வரும்போது முழுச் சுற்று. பூங்காவிலிருந்து அந்த ஓட்டலுக்கு 2020-ல் நடைபாதை திறந்துவிட்டார்கள், படகும் உண்டு. 18-ஆம் தேதி வீட்டிலிருந்து காரில் போவதே நல்லது. ஆனால் மாப்பிள்ளை வைன் எடுத்துக்கொள்வதாக இருந்தால் கார் வீட்டிலேயே நிற்கட்டும், ஊபரில் போங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போக முடியாது. பத்து வயசுக்குக் கீழே அனுமதி இல்லை. அட்டவணையில் அந்த இடத்தில் நீ கேள்விக்குறி போட்டிருக்கிறாய். கேள்வி எதற்கு? நாங்கள் எதற்கு வருகிறோம்? மாவு அரைத்து வைத்துவிடுவோம். எட்டு மணிக்குத் தோசை, ஒன்பதுக்குப் படுக்கை. குட்டி அழுதால் அம்மா பார்த்துக்கொள்வாள், உன்னையே அவள்தானே வளர்த்தாள். நடுவில் போன் செய்து "தூங்கிட்டாங்களா?" என்று கேட்காதே.

சாப்பாட்டு விஷயம். மாப்பிள்ளை சைவம், நீ மாட்டிறைச்சி தொடமாட்டாய். இதை அங்கே போய் உட்கார்ந்த பிறகு சொல்லக்கூடாது, முன்பதிவு செய்யும்போதே எழுதிவிடு. வெறுமே வெஜிடேரியன் என்று எழுதினால் போதாது. மேற்கத்திய சமையலறையில் முட்டை அதற்குள் அடக்கம். சூப்புக்கும் சாஸுக்கும் அடியில் எலும்புச் சாறு இருக்கலாம், இனிப்பில் மிருகங்களின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம், பார்மசான் சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருள் இருக்கும். அவருக்கு எதெல்லாம் ஆகாது என்று ஒவ்வொன்றாக எழுது. தொந்தரவு கொடுக்கிறோம் என்று கூச்சப்படாதே. முன்னாலேயே தெரிந்தால் சமையல்காரருக்கு அது சந்தோஷம், அந்த மேசைக்கென்று யோசித்துச் செய்வார். கடைசி நிமிஷத்தில் தெரிந்தால் தட்டில் இருப்பதை எடுத்துவிட்டுக் கொடுப்பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் தினமும் பார்த்தவன்.

முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. எண்ணிப் பார்த்தேன், செப்டம்பர் 19. அன்று காலையிலேயே உட்கார்ந்துவிடு. ஐந்தரை, ஆறு மணி நேரத்தைக் கேள். இடம் கிடைக்காவிட்டால் மனம் தளராதே, டிஸ்னியின் இன்னொரு பூங்காவான எப்காட்டில் பிரான்ஸ் அரங்கின் மாடியில் மொசியு பால் என்ற உணவகம் இருக்கிறது. பிரெஞ்சுச் சமையல் மேதை பால் போக்யூஸ் பெயரில் நடப்பது. எங்கள் தொழிலில் அவர் பெயரைச் சொன்னால் எழுந்து நிற்பார்கள். 1982-ல் எப்காட் திறந்தபோது அவர், இன்னும் இரண்டு பிரெஞ்சுச் சமையல் வல்லுநர்களான வெர்ஜே, லெனோத்ரு மூவரும் சேர்ந்துதான் அந்த அரங்கின் உணவகத்தை ஆரம்பித்தார்கள். ஆனால் அது பூங்காவுக்குள் இருப்பதால் அன்றைக்கும் ஒரு நாள் டிக்கெட் செலவாகும். அதனால் அது இரண்டாவது யோசனைதான்.

பணம். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸை 2022-ல் மீண்டும் திறந்தபோது ஆளுக்கு 295 டாலர் என்று இருந்தது, இப்போது கூடியிருக்கலாம். எவ்வளவானாலும் அது எங்களுடையது. பத்தாவது வருஷத்துக்கு அப்பா அம்மா செய்கிற சீர் என்று வைத்துக்கொள், மாப்பிள்ளையிடமும் அப்படியே சொல். பரிமாறுகிறவர்களுக்கு இருபது சதவீதத்துக்குக் குறையாமல் வை, அதுவும் என் கணக்கில்தான்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், என் வேலை முழுக்க ராத்திரி வேலை. எத்தனையோ தம்பதிகளின் கல்யாண நாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருக்கிறேன், நாற்காலி இழுத்துப் போட்டிருக்கிறேன். எங்கள் கல்யாண நாளன்று நான் வீட்டுக்கு வரும்போது மணி பன்னிரண்டு தாண்டியிருக்கும். அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள். ரசத்தைச் சூடு பண்ணி இரண்டு பேரும் அடுப்படியிலேயே சாப்பிடுவோம். அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. நீங்கள் இருவரும் அவசரமில்லாமல் மூன்று மணி நேரம் எதிரெதிரே உட்கார வேண்டும் என்று அவளும் ஆசைப்படுகிறாள், கேட்டுப் பார்.

சாப்பிட்டு முடித்ததும் உடனே கிளம்பாதீர்கள். ஓட்டலுக்குப் பின்னால் ஏரிக்கரை இருக்கிறது. 1971-லிருந்து ராத்திரி அந்த ஏரியில் விளக்கலங்காரப் படகுகளை வரிசையாக இழுத்துக்கொண்டு போகிறார்கள், ஒன்பதேகால் வாக்கில் அந்தக் கரைப் பக்கம் வரும். சின்ன வயசில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு மயிலாப்பூர் தெப்பம் காட்டுவேனே, அதேபோல. அன்று ஓடினால் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

உடை விஷயம் மறந்துவிட்டேன். அந்த உணவகத்துக்கு முறையான உடையில் போக வேண்டும், ஆண்கள் கோட் போட்டுக்கொள்வதே நல்லது. நீ அந்த அரக்கு காஞ்சிபுரத்தையே கட்டிக்கொள், உள்ளே ஏசி குளிரும், சால்வை எடுத்துக்கொள். மாப்பிள்ளையிடம் நல்ல கோட் இருக்கிறதா என்று பார்த்துச் சொல். இல்லாவிட்டால் தோள், மார்பு, கை அளவை இந்த வாரத்துக்குள் அனுப்பு. பாண்டி பஜாரில் நம் பழைய தையல்காரரிடம் கொடுத்தால் நாங்கள் கிளம்புவதற்குள் தைத்துத் தந்துவிடுவார்.

அன்புடன்,
அப்பா